ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக்: இரண்டு வருடத்தில் என்ன கற்க வேண்டும்?

பத்தாவது மதிப்பெண் பட்டியலோடு ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் பிள்ளையிடம் ‘ஏன் மோட்டார் மெக்கானிக் எடுக்கிறாய்?’ என்று கேட்டால், பெரும்பாலும் ‘வண்டின்னா பிடிக்கும் சார்’ என்றுதான் பதில் வரும். நல்ல பதில். ஆனால் அந்தப் பிரியம் முதல் மூன்று மாதத்துக்குத்தான் துணைக்கு வரும். அதற்குப் பிறகு தேவைப்படுவது, ஓடாத வண்டி ஏன் ஓடவில்லை என்று பொறுமையாகத் தேடும் குணம். ஸ்பேனர் பிடித்துக் கழற்றவும் மாட்டவும் ஆறு மாதத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருடம் வேண்டியிருக்கிறது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த நோக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

எந்தப் பிரிவு, எந்த இடம்

ஐ.டி.ஐ.க்கள் 1950-இல் தொடங்கிய மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நடக்கின்றன. வண்டி சார்ந்த பிரிவுகள் அதில் பல உண்டு. மெக்கானிக் மோட்டார் வெகிக்கிள், பேச்சு வழக்கில் எம்.எம்.வி., இரண்டு வருடம். டீசல் மெக்கானிக் ஒரு வருடம். இரு சக்கர, மூன்று சக்கர வாகன மெக்கானிக்கும் ஒரு வருடம்தான். மின்வாகனத்துக்கென்று தனிப் பிரிவும் வந்திருக்கிறது.

குடும்பம் இரண்டு வருடம் தாங்கும் என்றால் எம்.எம்.வி. எடுங்கள் என்பதே என் கருத்து. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீயரிங், ஒயரிங் எல்லாம் ஒரே இடத்தில் வருவது அதில்தான். தமிழ்நாட்டில் பத்தாவதோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற வழியும் இருக்கிறது. ஒரு வருடப் பிரிவைக் குறை சொல்லவில்லை. அப்பாவின் டூ வீலர் பட்டறையை எடுத்து நடத்தப் போகிறவருக்கு அது போதும், சீக்கிரம் முடியும்.

பத்தாவதில் கணக்கும் அறிவியலும் படித்துத் தேறியிருக்க வேண்டும். குறைந்தபட்ச வயது 14. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, காலணி கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வருகிறவர்கள் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய்க்குத் தங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டு, ஒரு வருடப் பணத்தை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். என்.சி.வி.டி. அங்கீகாரம் அந்த நிறுவனத்துக்கு இருந்தால் போதாது, நீங்கள் சேரும் அந்தப் பிரிவுக்கே இருக்க வேண்டும். வேறு நாலு பிரிவுக்கு அங்கீகாரம் வைத்துக்கொண்டு, இல்லாத பிரிவுக்கும் ஆள் சேர்க்கிற இடத்தில் மாட்டிக்கொண்டால் தேசியத் தொழிற்சான்றிதழ் கைக்கு வராது. அது இல்லாமல் பின்னால் அப்ரண்டிஸ் சேர்வதும் ரயில்வே, போக்குவரத்துக் கழக வேலைகளுக்கு விண்ணப்பிப்பதும் சிரமம்.

சேர்வதற்கு முன் ஒர்க் ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருக்கும் எஞ்சின் பக்கத்தில் போய் அதன் போல்ட் தலைகளைக் கவனியுங்கள். போல்ட்டின் முனைகளில் பெயின்ட் உடையாமல் பளபளவென்று இருந்தால் அந்த எஞ்சினை யாரும் கழற்றியதில்லை, அது கண்காட்சிப் பொருள். முனைகள் தேய்ந்து, கிரீஸ் கறை படிந்து, சுற்றிலும் ஸ்பேனர் பட்ட தழும்பு இருந்தால் அங்கே பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அடுத்தது, ஸ்டார்ட் ஆகி ஓடக்கூடிய வண்டி ஒன்றாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடாத எஞ்சினில் பாகங்களின் பெயரைக் கற்கலாம், பழுதைக் கற்க முடியாது. ஒரு வகுப்பில் 24 பேர் இருப்பார்கள். அந்த 24 பேருக்கு எத்தனை எஞ்சின், எத்தனை மல்டிமீட்டர், ஸ்கேனர் உண்டா, அது பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா என்பதை ஆபீசில் கேட்பதைவிட, வாசலில் டீ குடிக்கும் இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை தெரியும்.

அரமும் அளவும்

முதல் மாதங்களில் அரம் போட வைப்பார்கள். ஒரு இரும்புத் துண்டைச் சதுரமாக்கு, ஹாக்சா பிளேடால் அறு, துளை போடு, டேப் போட்டு மரை எடு. ‘வண்டி வேலை கத்துக்க வந்தா இரும்பைத் தேய்க்கச் சொல்றாங்க’ என்று வீட்டில் போய்ச் சொல்லாத பிள்ளையே இல்லை. நானும் சொன்னேன். சிலிண்டர் ஹெட்டுக்குள் போல்ட் உடைந்து நின்றுவிட்ட அன்றுதான் அந்த மாதங்களின் அருமை புரிந்தது. உடைந்த போல்ட்டின் நடு மையத்தில் பஞ்ச் வைத்து, அலுமினியத்தைத் தொடாமல் துளை இறக்கி, பழைய மரையைக் காப்பாற்றி வெளியே எடுக்க வேண்டும். இரும்பு எங்கே இளகும், எங்கே இறுகும் என்று உள்ளங்கைக்குத் தெரியாதவன் அந்த வேலையைச் செய்தால் ஹெட்டே போய்விடும். அரம் போடும் பாடத்தை அவசரமாகக் கடக்காதீர்கள்.

அளவெடுப்பதை அதைவிட முக்கியம் என்பேன். வெர்னியர் 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 வரை. முதல் முறை அளக்கும்போது ஒரே பிஸ்டனுக்கு மூன்று பேர் மூன்று அளவு சொல்வார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ராட்செட்டை மட்டும் திருப்பி, ஒரே அழுத்தத்தில் மூன்று முறை அளந்து, மூன்று முறையும் ஒரே எண் வரும் வரை திரும்பச் செய்யுங்கள். கை ஒரே மாதிரி அழுத்தப் பழகுவதற்கு ஒரு வாரமாவது ஆகும்.

சிலிண்டர் போரை அளக்கச் சொல்லும்போது, ஏன் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கே இரண்டு திசையிலும் அளக்கச் சொல்கிறார்கள் என்று பயிற்றுநரிடம் கேளுங்கள். வெடித்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளும்போது கனெக்டிங் ராடு சாய்ந்திருப்பதால், பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்து உரசும். அதனால் வட்டமாக இருந்த துளை மெல்ல நீள்வட்டமாகும். மேல்முனையில் முதல் ரிங் திரும்பும் இடத்தில் சூடும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு. அதனால் தேய்மானமும் அங்கேதான் அதிகம். இந்தக் காரணம் புரிந்துவிட்டால் ஆறு அளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நீங்களே அளக்கும் இடத்தைத் தேடிப் போவீர்கள்.

டார்க் ரெஞ்ச் விஷயத்தில் ஒரு வார்த்தை. பெரிய மேஸ்திரிகள் பலர் ‘எனக்குக் கையிலேயே தெரியும்’ என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம், முப்பது வருடம் முறுக்கிய கை அது. உங்களுக்குத் தெரியாது. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவலில் சொன்ன வரிசையில், இரண்டு மூன்று கட்டமாக முறுக்குங்கள். அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கை முதலில் விரலால் மட்டும் சுற்றி இறக்குங்கள். விரலுக்கு இறங்காத பிளக் மரை மாறி ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஸ்பேனரை எடுத்தால் மரை போய்விடும்.

கரன்டுக்குப் பயப்படாதீர்கள்

எம்.எம்.வி. முடித்தவர்களில் பாதிப் பேர் ஒயரிங் என்றால் ஒதுங்கிவிடுகிறார்கள். ‘அது எலக்ட்ரீஷியன் வேலை’ என்று ஒரு சாக்கு. இன்று வருகிற வண்டியில் ஒயரிங்கைத் தொடாமல் எந்தப் பழுதையும் முழுசாகத் தீர்க்க முடியாது. எனக்கும் ஒரு காலத்தில் அந்தப் பயம் இருந்தது. அது எப்படிப் போனது என்பதைச் சொல்கிறேன்.

நான் வேலைக்கு வந்த மூன்றாவது வருடம். ஒரு வாடகைக் கார் காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. செல்ஃப் அடித்தால் முக்கி முக்கி ஒரு சுற்று, அப்புறம் டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி பழசு என்று புதுசு போட்டேன். இரண்டு நாளில் திரும்பி வந்தது. செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, பிரஷ் மாற்றி மாட்டினேன். நாலாம் நாள் காலையில் மறுபடியும் தள்ளிக்கொண்டு வந்தார் அந்த டிரைவர். முகத்தில் கோபம்கூட இல்லை. மூன்று நாள் சவாரி போச்சு என்று கணக்குப் போட்டுச் சோர்ந்துபோயிருந்தார்.

பக்கத்துக் கடையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியன் இருந்தார். கூப்பிட்டேன். வந்தவர் எதையும் கழற்றவில்லை. மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துப் பிடித்துக்கொண்டு, ‘தம்பி, செல்ஃப் அடி’ என்றார். அடித்தேன். மீட்டர் 1.5 வோல்ட் காட்டியது. ‘இது அரை வோல்ட்டுக்குள்ள இருக்கணும். நல்லா இருந்தா 0.2’ என்று சொல்லிவிட்டு, எர்த் கேபிள் பாடியில் பிடித்திருக்கும் இடத்துக்கு முனையை நகர்த்தினார். பேட்டரி கம்பத்திலிருந்து கேபிள் முனை வரை சரியாக இருந்தது. கேபிள் முனையிலிருந்து பாடிக்குப் போகும் அந்த ஒரு போல்ட்டில்தான் முழு 1.5 வோல்ட்டும் தொலைந்துகொண்டிருந்தது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டை எடுத்தபோது அடியில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மறுபடி அளந்தோம். 0.1 வோல்ட். செல்ஃப் ஒரே இழுப்பில் பிடித்தது.

பொருள் செலவு ஒன்றுமில்லை. பேட்டரியும் பிரஷ்ஷும் நான் அநாவசியமாக மாற்றியவை. அன்று மாலையே ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன்.

அவர் ஏன் மின்தடையை நேரடியாக அளக்காமல் வோல்ட்டை அளந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள், இந்தப் பாடத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் வரை இழுக்கும். ஒரு இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 150-ஐ அதால் பெருக்கி 1.5 வோல்ட் அங்கே காணாமல் போகும். ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது ஓம் மீட்டரை வைத்தால் 0.01 ஓம்மைச் சாதாரண மீட்டர் காட்டாது, பூஜ்யம் என்று சொல்லிவிடும். ஒயர் நல்லாயிருக்கு என்று நீங்களும் ஏமாந்துபோவீர்கள். அதனால்தான் வேலை செய்துகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். இதை வோல்டேஜ் டிராப் சோதனை என்பார்கள். ஹெட்லைட் மங்கலாக எரிவது, ஃபேன் மெதுவாக ஓடுவது, ஃப்யூயல் பம்ப்புக்கு அழுத்தம் வராமல் போவது எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

மனதில் நிறுத்த வேண்டிய எண்கள் அதிகமில்லை. முழுசாக சார்ஜ் ஆகி ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் சார்ஜிங் சரி. (சில புது வண்டிகளில் கணினியே சார்ஜிங்கைக் கூட்டிக் குறைப்பதால் இந்த எண் மாறும். மேனுவலைப் பாருங்கள்.)

ஸ்கேனர் சொல்வது பாதி

கோவை ஜி.டி. நாயுடு தன் முதல் மோட்டார் சைக்கிளை வாங்கியதும், அதைப் பாகம் பாகமாகப் பிரித்துத் திரும்ப மாட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார் என்று எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் சொல்வார்கள். அந்தக் காலத்து இயந்திரம் திறந்தால் தன்னைக் காட்டிவிடும். தேய்ந்ததும் உடைந்ததும் கண்ணுக்குத் தெரியும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதி வந்த பிறகு விற்கும் பெட்ரோல், டீசல் வண்டிகளில், பைக்கில்கூட, எரிபொருளை அளந்து விடுவது பெரும்பாலும் கணினிதான். அதைப் பிரித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கேட்கும் கருவி ஸ்கேனர்.

ஸ்கேனர் ஒரு கோடு காட்டும். பி0171 என்று வைத்துக்கொள்வோம். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். அவசரக்காரர் உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார், ஏனென்றால் கணினிக்குத் தகவல் சொன்னது அந்த சென்சார். வீட்டில் புகை என்று கத்திச் சொன்னவனையே பிடித்து அடிக்கிற மாதிரி இது. கோடு தெருவைத்தான் சொல்கிறது. வீட்டை நீங்கள் தேட வேண்டும்.

தேடுவது இப்படி. ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து ஃப்யூயல் டிரிம்மைப் பாருங்கள். கணினி எவ்வளவு சதவீதம் பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ விடுகிறது என்று அது காட்டும். ஐடிலிங்கில் கூட்டல் 20 காட்டி, 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஏற்றினால் 3, 4 என்று இறங்கினால், எங்கோ காற்று உள்ளே கசிகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் உறிஞ்சும் காற்று கொஞ்சம்தான், அதில் கசிவின் பங்கு பெரிசு. வேகத்தில் நிறையக் காற்று போவதால் அதே கசிவு பெரிதாகத் தெரியாது. வேக்குவம் குழாய்களையும் மேனிஃபோல்டு கேஸ்கட்டையும் பாருங்கள். மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து, சுமை கூடக் கூட எண் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்ப் அழுத்தம், ஃபில்டர் அடைப்பு, அழுக்கேறிய காற்று அளக்கும் சென்சார் என்று அந்தப் பக்கம் போங்கள். ஒரே கோடுதான், போகும் வழி இரண்டு. ஒரு பொருளும் வாங்காமல் ஐந்து நிமிடத்தில் பாதித் தெருவைக் கழித்துவிட்டீர்கள்.

எஞ்சின் மிஸ்ஸிங் என்று வரும் வண்டிக்கும் இதே பொறுமைதான். பிளக், காயில், இன்ஜெக்டர் மூன்றையும் சந்தேகிக்கும் முன், அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். நாலு சிலிண்டரில் மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் நன்றாக இறங்கியிருந்தால், அதற்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, விட்ட ஆயில் இடைவெளியை அடைத்துவிட்டது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. இந்தச் சோதனையை எஞ்சினே இல்லாத வகுப்பறையில் கரும்பலகையில் படித்தவர்களுக்குத் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். ஒரு முறை கையால் செய்தவர்கள் மறப்பதில்லை. செய்ய வாய்ப்பு வரும் நாளில் பின்வரிசையில் நிற்காதீர்கள்.

உயிரோடு வீட்டுக்குப் போக

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு வைத்து, வண்டியை ஒரு முறை அசைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். ‘ரெண்டு நிமிஷ வேலைதான்’ என்ற பேச்சுக்கு இதில் இடமே கொடுக்காதீர்கள்.

கையில் காப்பு, மோதிரம், இரும்பு ஸ்ட்ராப் வாட்ச் எல்லாம் வாசலிலேயே பைக்குள் போகட்டும். பேட்டரியின் பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே காப்பு பட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காயும். கழற்றுவதற்குள் சதை வெந்துவிடும்.

புதிய டீசல் எஞ்சின்களில் காமன் ரெயிலுக்குள் அழுத்தம் 1,000 பார் தாண்டிப் போகும், சிலவற்றில் 2,000 வரை. எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி மாதிரிச் சீறும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளி, வலிகூட முதலில் இருக்காது. மஞ்சள் தூள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்காதீர்கள். அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம். தாமதித்தால் விரலை எடுக்க வேண்டிவரும். அட்டையைப் பிடித்துப் பார்த்தால் கசிவு அட்டையில் தெரியும்.

மின்வாகனக் காரில் ஆரஞ்சு நிற கேபிளைப் பார்த்தால் நின்றுவிடுங்கள். அதற்குள் 300, 400 வோல்ட் இருக்கும். சர்வீஸ் பிளக்கை எடுத்து, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறை போட்டு, மின்சாரம் இல்லை என்று அளந்த பிறகுதான் தொட வேண்டும். அதற்கென்று பயிற்சி எடுத்தவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். பிரேக் டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை ஊதி மூச்சிழுத்த மேஸ்திரிகள் எத்தனையோ பேர், அவர்களிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

தேர்வு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வருகை 80 சதவீதம் வேண்டும். செய்முறைத் தேர்வில் 60 சதவீதம், எழுத்துத் தேர்வில் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எழுத்துத் தேர்வு கணினியில் நடக்கிறது. ஒர்க் ஷாப் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். ஆனால் அங்கே வருவது சதவீதம், விகிதம், பரப்பளவு போன்ற எட்டாம் வகுப்புக் கணக்குதான். சிலிண்டரின் கொள்ளளவையும் கம்ப்ரஷன் ரேஷியோவையும் உங்கள் கையிலிருக்கும் எஞ்சினுக்கே போட்டுப் பாருங்கள், பயம் போய்விடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஒன்று. சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதைக் கண்டு ஒதுங்க வேண்டாம். மேனுவலில் திரும்பத் திரும்ப வருவது இருநூறு வார்த்தைதான். இறுக்கு, தளர்த்து, அளவுக்குள், வரம்பு மீறினால் மாற்று, இந்த மாதிரி. ஒரு நோட்டில் தினம் நாலு வார்த்தை எழுதினால் இரண்டு மாதத்தில் மேனுவல் படிக்க வரும். ஒயரிங் வரைபடத்துக்கு மொழியே தேவையில்லை. குறியீடு தெரிந்தால் எந்த நாட்டு வண்டியின் படமும் புரியும். அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ் வழி, ஆங்கில வழி என்ற வித்தியாசமே பட்டறையில் கிடையாது.

அப்ரண்டிஸ் எங்கே போவது

1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் ஒரு வருடம் பயிற்சி எடுத்துத் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். அதற்கு ஊக்கத்தொகையும் உண்டு. இதைத் தவிர்த்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். வீட்டுச் சூழ்நிலை அப்படியென்றால் குறை சொல்ல முடியாது. முடிந்தவர்கள் இந்த ஒரு வருடத்தை விடாதீர்கள்.

எங்கே போவது என்பதில்தான் என் கவலையெல்லாம். ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஐ.டி.ஐ. வாசலுக்கே வந்து ஆள் எடுக்கிறார்கள். பஸ், கேன்டீன் சாப்பாடு, சீருடை, மாதா மாதம் பணம். நேர்மையான வேலைதான், பல குடும்பங்களை அது நிமிர்த்தியிருக்கிறது. ஆனால் அசெம்பிளி லைனில் நிற்பவர் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை ஒரே போல்ட்டை ஒரே கருவியால் இறுக்குகிறார். எல்லாப் பாகமும் புதுசு, எதுவும் பழுதாகியிருக்காது. மூன்று வருடம் கழித்து ஒப்பந்தம் முடிந்து வெளியே வரும்போது, ஐ.டி.ஐ.யில் கற்ற பழுது பார்க்கும் அறிவு மங்கிப்போயிருக்கும். உங்கள் நோக்கம் டெக்னீஷியன் ஆவது என்றால் பழுதான வண்டிகள் வருகிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர், மேனுவல், படிப்படியான பயிற்சி எல்லாம் கிடைக்கும். ஆனால் ஒரே கம்பெனி வண்டிதான். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் பஸ்ஸின் ஏர் பிரேக், பெரிய டீசல் எஞ்சின், கியர்பாக்ஸ் என்று கனரக வேலை முழுசும் படிக்கலாம். தெருமுனைப் பட்டறையில் சான்றிதழ் வராது, ஆனால் காலையில் ஆட்டோ, மதியம் டாடா ஏஸ், சாயங்காலம் பழைய அம்பாசடர் என்று எல்லாம் வரும். நான் ஒருவருக்குச் சொல்வதானால், அப்ரண்டிஸ் வருடத்தை சர்வீஸ் சென்டரில் எடுத்துவிட்டு, சனி ஞாயிறில் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடம் போய் நில்லுங்கள் என்பேன்.

சேரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சார், முதல் ஆறு மாதம் என்னை எங்கே போடுவீங்க?’ வாட்டர் வாஷிலும் ஆயில் மாற்றும் இடத்திலும் புதுப் பிள்ளைகளைப் போடுவது வழக்கம். மூன்று மாதம் அது நல்லதுதான். ஆயில் மாற்ற வண்டிக்கு அடியில் போகும் ஒவ்வொரு முறையும் புஷ், பூட், பிரேக் குழாய் எல்லாவற்றையும் கண்ணால் தொட்டுப் பார்க்கலாம். மூன்று மாதம் தாண்டியும் அங்கேயே வைத்திருந்தால் சூப்பர்வைசரிடம் மரியாதையாக, ஆனால் திரும்பத் திரும்பக் கேளுங்கள். அந்த இடத்தில் பழுது கண்டுபிடிக்கிற மூத்தவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் வண்டியைத் திறக்கும்போது லைட் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள். ‘அண்ணே, ஏன் முதல்ல அதைப் பார்த்தீங்க?’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகச் சொல்வார்கள்.

முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்க் கை பட்டாலும் பரவாயில்லாத கெட்டி அட்டை நோட்டு. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம். மேலே தேதி, வண்டியின் மாடல், ஓடிய கிலோமீட்டர். அதன் கீழே வண்டிக்காரர் சொன்ன புகார், அவர் சொன்ன வார்த்தையிலேயே. ‘பிக்கப் இல்ல’ என்று சொன்னால் அப்படியே எழுதுங்கள், நீங்கள் புரிந்துகொண்டதை எழுதாதீர்கள். பிறகு எங்கே எதை அளந்தீர்கள், என்ன எண் வந்தது, என்ன கண்டுபிடித்தீர்கள், என்ன மாற்றினீர்கள். கடைசியில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கட்டும்: வண்டி திரும்பி வந்ததா? அதை இரண்டு வாரம் கழித்து நிரப்புங்கள்.